நடுச்சுவருக்குப் பஞ்சு

கொய்ஹைக்கே, மார்ச் 5, 2017

தம்பி டெல்ஃபினுக்கு,

இந்தக் கடிதத்தை நானே உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். ஒரே வீட்டின் இடது பாதியில் வாங்கி வலது பாதியில் கொடுக்கத் தபால்காரரை அலையவைப்பது பாவம். அப்பா போன பிறகு நடுவில் பலகை அடித்து வீட்டைப் பிரித்துக்கொண்டபோதுகூட நாம் பேசிக்கொண்டுதான் இருந்தோம். பேச்சு நின்றது அந்தத் தெருச் சங்கக் கூட்டத்துக்குப் பிறகு. அதைக் கிளற நான் எழுதவில்லை.

அரசாங்க மானியத்தில் என் பெயர் வந்துவிட்டது. குளிர் புகாமல் வெளிச்சுவர்களுக்குள் கண்ணாடிப் பஞ்சு அடைக்கிறார்கள், கூரைக்கும் உண்டு, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. அப்பா அந்தக் காலத்தில் சுவருக்குள் கொட்டிய மரத்தூள் எல்லாம் இறங்கி இடுப்பளவுக்கு வந்துவிட்டதாம். யாஸ்னா என்று ஒரு பெண், இந்த வேலைக்கு மேற்பார்வை. சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இத்தனை வருஷம் நீங்க தெருவுக்குத்தான் அடுப்பு எரிச்சிருக்கீங்க" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

"ரெண்டு பாதியும் சேர்த்துப் பண்ணிட்டா நல்லது. பக்கத்துல இருக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்கிறாள். பக்கத்தில் இருப்பது என் தம்பி என்று சொன்னேன். "அப்ப சுலபமாப் போச்சு" என்று சிரித்தாள். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்.

உனக்கும் செலவில்லை. ஒரே நிபந்தனை, பழைய விறகடுப்பை ஒப்படைத்துவிட வேண்டும், பதிலுக்கு மரத்தூள் குருணை எரிக்கிற புது அடுப்பு தருவார்கள். ஜூனில் குளிர் இறங்கிவிடும், இந்த மாதம் முடிவதற்குள் பெயர் கொடுத்துவிடு. உன் இருமல் இந்தப் பக்கம் கேட்கிறது.

எர்சிலியா


மார்ச் 8

மதிப்பிற்குரிய திருமதி எர்சிலியா ஓயார்சோ அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கண்டேன். என் இருமலைக் கேட்டுத் தாங்கள் தூக்கம் கெட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

விறகு வியாபாரி டெல்ஃபின் தன் சுவருக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு, தன் அடுப்பையும் தூக்கிக் கொடுக்க வேண்டும், அப்படித்தானே? ஊர் கைகொட்டிச் சிரிக்கும். ஏற்கெனவே ஒருமுறை சிரிக்கவைத்தாய். கூட்டத்தில் அத்தனை பேர் நடுவில் எழுந்து, "எங்க ஊர்ல விறகோட தண்ணியையும் சேத்து விக்கிறாங்க, அதுல மொத ஆளு என் தம்பிதான்" என்று நீ சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஓல்கா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் அவள் கடையில் நான் ரொட்டி வாங்குவதில்லை. நாலு தெரு தள்ளிப் போகிறேன்.

கொய்ஹைக்கே முழுக்கப் புகை, உன் நெஞ்சு முழுக்கப் புகை, எல்லாம் என் லாரியிலிருந்துதான் வந்தது. சரி. பெற்றவர்களைப் புதைத்தது முதல் காற்று நின்றது வரை எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு.

உன் பாதியில் நீ எதை வேண்டுமானாலும் அடைத்துக்கொள். என் பலகையில் ஒரு ஆணி விழக்கூடாது. அப்பா புவெர்த்தோ ஐசேனிலிருந்து மாட்டுவண்டியில் கட்டிக் கொண்டுவந்த அடுப்பையும் கொடுக்கப்போகிறாயா? அதற்கு மட்டும் பதில் எழுது.

டெல்ஃபின்


ஏப்ரல் 19

டெல்ஃபின்,

கொடுக்கப்போகிறேன். டாக்டர் என் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "அடுப்பா, நுரையீரலா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க அம்மா" என்று கேட்டார். ஒரு இரும்புப் பெட்டிக்காக நான் சாக வேண்டும் என்று அப்பாவே சொல்லமாட்டார். உனக்குத்தான் அந்த ஆசை போலிருக்கிறது.

நேற்று வேலை ஆரம்பித்தார்கள். நீ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே வேலைக்காரர்களைப் பார்த்து, "நல்லா அடைங்க தம்பிகளா, மூச்சு முட்டிச் சாகட்டும்" என்று சொன்னாயாமே. அவர்களில் ஒருவன் என்னிடம் வந்து, "அவரு யாருங்க அம்மா?" என்றான். யாரோ என்று சொன்னேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரியாது என்று குதிக்காதே. நடுச்சுவருக்கும் பஞ்சு வைக்கச் சொல்லிவிட்டேன். யாஸ்னா வேண்டாம் என்றாள். "அது உள்சுவர்தானே அம்மா, அந்தப் பக்கமும் வீடுதானே, அங்கேருந்து குளிர் வராது." நான் சொன்னேன், "உனக்குத் தெரியாதும்மா, வெளியில இருக்கற குளிரவிட அந்தப் பக்கம் இருக்கறது அதிகம்." என் பக்கத்துப் பலகையைக் கழற்றி, பஞ்சை வைத்து, திரும்ப அடித்துவிட்டுப் போவார்கள். உன் பலகையை யாரும் தொடமாட்டார்கள். உன் ரேடியோ, உன் இருமல், சீட்டு விளையாடும்போது நீ மேசையில் அறைகிற சத்தம், எதுவும் இனி எனக்கு வேண்டாம்.

எர்சிலியா


மே 27

திருமதி எர்சிலியா அவர்களுக்கு,

வாழ்த்துகள். அடுப்பை எடுத்துக்கொண்டு போனதை ஜன்னலில் நின்று பார்த்தேன். நாலு பேர் தூக்கினார்கள். லாரியில் ஏற்றியதும் ஒருவன் சம்மட்டியை எடுத்து அதன் மேல்தட்டை உடைத்தான், யாரும் திரும்ப எடுத்து விற்றுவிடக்கூடாதாம், சட்டமாம். நீ உள்ளே இருந்தாய். சத்தம் கேட்டிருக்காது, உன் புதுப் பஞ்சு அவ்வளவு உசத்தி.

என் பக்கமும் இப்போது நிம்மதி. உன் ரேடியோ கேட்கவில்லை. தேவாலயப் பாட்டு கேட்கவில்லை. ஒரு குறை மட்டும் உண்டு. நடுச்சுவரில் என் கட்டிலுக்குப் பின்னால் பலகை வியர்க்கிறது. கையை வைத்தால் ஈரம். கறுப்பாய்ப் பூசணம் பிடித்துவிட்டது. இத்தனை வருடத்தில் அந்தப் பலகையில் ஒரு பொட்டு ஈரம் நான் பார்த்ததில்லை. உன் யாஸ்னாவிடம் கேட்டுச் சொல்.

பிப்ரவரியிலேயே உன் கொட்டகையில் ரெண்டு லோடு விறகு இறக்கிவிட்டேன், எப்போதும் போல. நீ இப்போது கோழித் தீவனம் எரிக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். அந்த மரத்தூள் குருணையைப் பார்த்தேன், ஓல்கா கடை வாசலில் மூட்டை மூட்டையாய் அடுக்கியிருக்கிறாள். கோழிகள் ஏமாந்துபோகும். விறகை யாருக்காவது கொடுத்துவிடு, மழையில் நனையவிடாதே.

டெல்ஃபின்


ஜூன் 21

டெல்ஃபின்,

உனக்கு வெட்கமே கிடையாதா? நான் பதில் எழுதவில்லை என்றால் இன்னொரு கடிதம் போட வேண்டியதுதானே. மலையில் ஆடு மேய்க்கிறவர்களுக்குச் சேதி சொல்கிற வானொலி நேரத்தில், சாவுச் செய்திக்கும் பிரசவச் செய்திக்கும் நடுவில், "கொய்ஹைக்கே ஊரில் இருக்கும் திருமதி எர்சிலியா ஓயார்சோவுக்கு அவருடைய தம்பி தெரிவிப்பது, சீமாட்டி இப்போது விறகு எரிப்பதில்லை என்பதால் கொட்டகையில் இருப்பதைத் தயவுசெய்து காலி செய்யவும்" என்று வாசிக்கவைத்தாயே! நான் ஓல்கா கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "உன் தம்பிக்கு உன்கூடப் பேசணும்னா வானொலி நிலையம் வரைக்கும் நடக்கறாரே, அடுத்த கதவு பக்கமில்லையா?" என்றாள் ஓல்கா. பூமி பிளந்தால் இறங்கியிருப்பேன்.

வீடு வெதுவெதுப்பாக இருக்கிறது. வெளியே பனி உறைந்து கிடக்கும்போது உள்ளே ஒற்றைச் சட்டையோடு நடமாடுகிறேன். இருமல் பாதியாகக் குறைந்துவிட்டது. இதைப் படித்து உனக்கு எரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். இந்தப் புது அடுப்பின் மேல் கெட்டில் வைக்க முடியாது என்பது மட்டும்தான் குறை. மாத்தேக்கு வெந்நீரைக் கேஸில் போடுகிறேன். முன்பு போல யாரும் வந்து அடுப்பைச் சுற்றி உட்காருவதில்லை, உட்கார ஒரு மூலையும் இல்லை.

பூசணத்தைப் பற்றி யாஸ்னாவிடம் கேட்டேன். "அந்தப் பக்கம் சூடு இல்லன்னா அப்படித்தான்மா, மூச்சுக்காத்து பலகையில பட்டுத் தண்ணியாகுது. அவரு அடுப்பு எரிக்கிறாரா?" என்றாள். அப்போதுதான் தெருவுக்கு இறங்கி உன் கூரையைப் பார்த்தேன். புகை வரவில்லை. மறுநாளும் பார்த்தேன். விறகு எரிக்கத் தடை போடுகிற காற்று கெட்ட நாட்களில்கூட ஊர் திருட்டுத்தனமாக எரிக்கிறது, நீ தடை இல்லாத நாளிலும் எரிப்பதில்லை. விறகுக்காரன் வீட்டுக் குழாயில் புகை இல்லை. என்ன எரிக்கிறாய் நீ? இதற்கு முன்னால் என்ன எரித்தாய்?

எர்சிலியா


ஜூலை 6

எர்சிலியா,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

இதற்கு முன்னால் நான் ஒன்றும் எரிக்கவில்லை. உன் சுவர் போதுமாக இருந்தது.

உன் அடுப்பு முதலில் தெருப் பக்கம்தானே இருந்தது. கூட்டம் முடிந்து நாம் பேச்சை நிறுத்திய அந்தக் குளிர்காலத்தில் என் லாரி கவிழ்ந்தது. இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது விறகு பிளக்கக்கூட என்னால் முடியாது. வந்து பார்த்தால் நடுச்சுவர் சுட்டது. நீ ஆளை வைத்து அடுப்பையும் புகைக்குழாயையும் சுவர் ஓரமாக மாற்றியிருந்தாய். தெருக் காற்று புகையைத் திருப்பி அடிக்கிறது, அதனால் மாற்றினேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் என்ன முட்டாளா? கட்டிலை இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். பலகையில் முதுகை வைத்தால் அப்பா வீட்டில் படுத்திருக்கிற மாதிரியே இருக்கும். உன் கெட்டில் முனகுவது கேட்கும்.

அதற்குப் பதிலாகத்தான் உனக்கு விறகு. ஊருக்கு நான் விற்றது ஈர விறகுதான், நீ கூட்டத்தில் சொன்னது பொய்யில்லை. உன் கொட்டகையில் இறக்கினது ரெண்டு கோடை காய்ந்த லெங்கா மரம். ஒரு கட்டையாவது உன் அடுப்பில் சீறியதா? நெஞ்சில் கையை வைத்துச் சொல். நாம் பேசவில்லை, பேசவேண்டிய அவசியமும் இல்லை, எல்லாம் சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. நீ அதை வெட்டிவிட்டாய்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். மானியத்துக்கு ஏன் பெயர் கொடுக்கவில்லை என்று யாஸ்னா ரெண்டு முறை வந்து கேட்டாள். எரிகிற அடுப்பை ஒப்படைத்தால்தான் சேர்ப்பார்கள். என் அடுப்பின் அடித்தட்டு துருப்பிடித்து விழுந்து மூன்று வருடமாகிறது. விறகுக்காரனிடம் எரிகிற அடுப்பு கிடையாது என்று எந்த வாயால் சொல்வேன்?

சுவரில் ஆட்டுத்தோல் அடித்திருக்கிறேன், குளிர் கொஞ்சம் அடங்குகிறது. ஒரு முழு மத்தியானம் ஆணி அடித்தேன். உனக்குக் கேட்டிருக்காது.

டெல்ஃபின்


ஜூலை 14

தம்பி,

உன் கடிதத்தைப் படித்தேன். எனக்குக் கோபம் வருகிறது. அழுகையும் வருகிறது. வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் இதில் ஒரு வரி எழுதியிருந்தால் நடுச்சுவரைத் தொட்டிருப்பேனா? "உன் சுவர் சுடுகிறது, அது எனக்கு வேண்டும்" என்று சொல்ல உனக்கு வாய் வராது. ஊரே கேட்க வானொலியில் என்னைச் சீமாட்டி என்று சொல்ல மட்டும் வரும்.

நீயும்தான் அடுப்பை மாற்றினதைச் சொல்லவில்லை என்பாய். ஆமாம், சொல்லவில்லை. நான் மூத்தவள். எல்லாவற்றிலும் நானேதான் முதலில் இறங்கிவர வேண்டுமா?

சரி, இதையும் நானே சொல்கிறேன். கட்டிலை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடு. ஜன்னல் ஓர அறை காலியாகத்தான் இருக்கிறது, நேற்றே கூட்டிவைத்தேன். குளிர்காலம் முடிகிறவரை இரு, அதற்கு மேலும் இரு. ஆனால் வாசல் வழியாக வர வேண்டும். வந்து கதவைத் தட்டி, "அக்கா, குளிருது" என்று வாயால் சொல்ல வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை. கடிதத்தில் எழுதினால் செல்லாது. வானொலியில் சொன்னாலும் செல்லாது. நானாக வந்து உன்னைக் கூப்பிட மாட்டேன், எனக்கும் மானம் இருக்கிறது.

ஆட்டுக்கறி வாங்கி வைத்திருக்கிறேன்.

எர்சிலியா


ஆகஸ்ட் 4, ஆஸ்பத்திரியிலிருந்து

எர்சிலியா,

நீ தினமும் வந்து வார்டு வாசலில் நிற்கிறாய் என்று நர்ஸ் சொன்னாள். உள்ளே விட வேண்டாம் என்று சொன்னது நான்தான். அவளைத் திட்டாதே. இந்தக் கடிதத்தையும் அவளிடம்தான் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்ததை என் வாயால் உனக்குச் சொல்லிவிட வேண்டும், ஓல்கா கடையில் ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள். உன் கடிதம் வந்து ரெண்டு நாள் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சவரம் செய்தேன். நல்ல சட்டை போட்டேன். உன் வாசலுக்கு வரத்தான். பூட்ஸ் எடுக்கக் குனிந்தேன், பழைய இடுப்பு விட்டுவிட்டது. கட்டிலுக்கும் நடுச்சுவருக்கும் இடையில் விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை.

கைக்கு எட்டினது பழைய அடுப்புக் கம்பி. அதால் பலகையில் தட்டினேன். சின்ன வயதில் அப்பா பண்ணைக்குப் போனதும் நீ உன் அறையிலிருந்து மூன்று தட்டுத் தட்டுவாய், முழித்திருக்கிறாயா என்று கேட்க. நான் ரெண்டு தட்டுத் திரும்பத் தட்டுவேன். அதேபோல மூன்று மூன்றாகத் தட்டினேன். இருட்டுகிற வரைக்கும் தட்டினேன். சுவரில் அடித்த ஆட்டுத்தோல்களைப் பிய்த்து மேலே போட்டுக்கொண்டேன். மறுநாள் கேஸ் சிலிண்டர் போடுகிறவன் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து, "ஐயோ, டெல்ஃபின் அண்ணே!" என்று கத்தியது வரைக்கும்தான் ஞாபகம். இடது காலில் விரல்கள் போய்விட்டன. இடுப்புக்குத் தகடு வைத்திருக்கிறார்கள்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடுவில் பஞ்சு இருந்தது, உனக்குக் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். தெரிவதுதான் கஷ்டமாக இருக்கிறது. கேட்டும் நீ வராமல் இருந்திருந்தால் உன்னை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருப்பேன். இப்போது யாரை வெறுப்பது? ஒரு மூட்டைப் பஞ்சையா?

கோக்ரானேவிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணன் உல்தாரிசியோ வந்திருக்கிறார். அவரோடு போகிறேன். அங்கே சமையற்கட்டிலேயே எனக்குக் கட்டில் போட்டிருக்கிறாராம். சாவியை நர்ஸிடம் கொடுத்திருக்கிறேன்.

டெல்ஃபின்


கொய்ஹைக்கே, செப்டம்பர் 12

தம்பி,

கோக்ரானே விலாசம் உல்தாரிசியோ அண்ணன் மனைவியிடம் வாங்கினேன். பல நாள் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

ஊரில் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். ஓல்கா சூப் கொண்டுவந்து கொடுத்து, "உன் மேல என்ன தப்பு? அந்தப் பஞ்சு பண்ணுன வேல" என்றாள். யாஸ்னா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நடுச்சுவருக்கு வேணாம்னு நான் இன்னும் கெட்டியாச் சொல்லியிருக்கணும்மா" என்று அழுதாள். போன வாரம் தெருச் சங்கக் கூட்டத்தில் அவளை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். மூன்று குடும்பங்கள் மானியத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டன. அவளை இந்த ஊர் வேலையிலிருந்து மாற்றப்போகிறார்கள். உன்னைப் பற்றிப் பேச அன்றைக்கு எழுந்தவள்தான் நான். இந்தக் கூட்டத்தில் எழவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டெல்ஃபின், பஞ்சு குளிரை நிறுத்தும். உன் ரேடியோவை நிறுத்தியது, உன் இருமலை நிறுத்தியது. பலகையில் இரும்பால் அடித்தால் அந்தச் சத்தத்தை அது நிறுத்தாது. நீ ஆட்டுத்தோல் அடித்த மத்தியானம் ஒவ்வொரு ஆணியும் எனக்குக் கேட்டது. உனக்குக் கேட்டிருக்காது என்று நீ எழுதினாய், நான் மறுத்து எழுதவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மேசையில் உட்கார்ந்து மாத்தே குடித்துக்கொண்டிருந்தேன். மூன்று தட்டு. அது என்ன என்று எனக்குத் தெரியாதா? அதைக் கண்டுபிடித்ததே நான்தானே. சிரிப்புகூட வந்தது. வாசலுக்கு வர மனமில்லாமல் சுவர் வழியாகக் கூப்பிடுகிறான், சின்னப் பிள்ளை மாதிரி, நான் ரெண்டு தட்டுத் தட்டினால் அவன் ஜெயித்துவிடுவான் என்று நினைத்தேன். வாசல் வழியாக வரட்டும் என்று இருந்துவிட்டேன். நீ விடாமல் தட்டினாய். எனக்குக் கோபம் வந்தது. எழுந்து போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். கேஸில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது, ரெண்டு பேருக்கு.

நடுச்சுவரில் உன் கட்டில் இருந்த இடத்துக்கு நேராக என் பக்கத்துப் பலகையைக் கழற்றி, பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். கையெல்லாம் அரிப்பு. என் சூடு இப்போது உன் அறைக்குப் போகிறது. சாவி போட்டு உள்ளே போய்ப் பார்த்தேன், உன் பலகையில் ஈரம் காய்ந்திருக்கிறது.

கேட்டும் வராமல் இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருப்பேன் என்று எழுதினாயே. வெறுத்துக்கொள்.

அக்கா


கோக்ரானே, செப்டம்பர் 30

அக்கா,

கடிதம் கிடைத்தது. உல்தாரிசியோ அண்ணன் வாசித்துக் காட்டட்டுமா என்றார், வேண்டாம் என்று நானே படித்தேன்.

யாஸ்னாவைப் பற்றிக் கூட்டத்தில் எழுந்து சொல். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்.

பிடுங்கின பஞ்சைத் திரும்ப வைத்துப் பலகையை அடித்துவிடு. உன் நெஞ்சுக்குக் குளிர் ஆகாது. என் பாதிக்கு இனி யாரும் வரப்போவதில்லை.

டெல்ஃபின்